தோட்டத்துக் குட்டையின் மண்கரையில் கசிவு: பழைய விபத்துகளைப் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்

பதிவிட்டவர்: உலு சிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோலகுபு பாருவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே வாழ்பவன் நான். நிர்வாகத்துடன் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் தோட்டத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பால்மரக் (ரப்பர்) காலத்தில், பாலைப் பதப்படுத்தும் ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டுமென்று அன்றைய துரை ஒருவர் மலையடிவாரத்தில் ஓர் ஓடையை மறித்து மண்கரை போட்டார். ஸ்டோர் மூடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. கரை இரண்டு மாடி வீட்டளவு உயரம் இருக்கும். அதற்கு நேர் கீழே நாற்பது லயத்து வீடுகளும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும் உள்ளன.

சென்ற பெருமழைக்குப் பிறகு, பள்ளிப் பக்கமாகக் கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. கட்டைவிரல் தடிமனில் இடைவிடாமல் வழிகிறது. நிர்வாகத்திடம் சொன்னபோது, கரை தங்கள் பொறுப்பா, பக்கத்து நிலத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனத்தின் பொறுப்பா என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. எங்கள் பெரியவர்களோ, அறுபது வருடங்களுக்கு மேல் நிற்கிற கரை இனியும் நிற்கும் என்கின்றனர்.

விவரத்துக்காக மேலும் சிலவற்றைச் சொல்கிறேன். குட்டையை ஒருவர் குத்தகைக்கு எடுத்துத் திலாப்பியாவும் பாதினும் வளர்க்கிறார். மீன் வெளியேறாமலிருக்க, உபரி நீர் போகும் கலிங்கின் வாயில் வலை அடித்திருக்கிறார். செம்பனைப் பழ லோரிகள் குறுக்கே போவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பு கரையின் நடுப்பகுதியை இரண்டடி வெட்டிச் சமப்படுத்தினார்கள். கரையின் ஓரத்தில் முனீஸ்வரர் கோயிலும் அதையொட்டிப் பெரிய ஆலமரமும் உள்ளன. வேர் கரையைப் பிளக்கும், மரத்தை வெட்ட வேண்டும் என்று இளைஞர் சிலர் சொல்லப்போய், அது கோயில் நிர்வாகத்தில் மனவருத்தமாக முடிந்தது.

என் கேள்வி இதுதான்: இந்தக் கசிவு எவ்வளவு ஆபத்தானது? உலகில் இதற்கு முன் உடைந்த அணைகள் எப்படி உடைந்தன? நான் செம்பனை ஆலையில் வேலை செய்பவன். பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற நீர்ப்பாசனத் தொழில்நுட்பர், பேராக்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கசிவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ, விவரத்துக்காக என்று நீங்கள் கடைசியில் சேர்த்த மீன் வலையும் லோரிப் பாதையும்தான் பெரும் கவலையைத் தருகின்றன. முதலில் கசிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கசியாத மண்கரை என்று ஒன்று கிடையாது. கரைக்குள் தண்ணீர் மெல்ல ஊடுருவி அடியில் வெளிவருவது இயல்பே. பார்க்க வேண்டியது இரண்டு: வரும் நீர் தெளிவாக இருக்கிறதா, அதன் அளவு கூடிக்கொண்டே போகிறதா. தெளிந்த நீர், கரையின் மண்ணை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வருகிறது என்பதைக் காட்டும். கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊறும் இடத்திலிருந்து குளத்தை நோக்கி ஒரு குழாய்போல வழி உருவாகிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற அணை இப்படித்தான் போனது. ஏறத்தாழ 93 மீட்டர் உயரமான மண் அணை; முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்த நேரம். 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கல் நீர் வருவதைக் கண்டார்கள். ஓட்டையை அடைக்க அனுப்பிய புல்டோசர்களே அந்தக் குழிக்குள் விழுந்தன. நண்பகலுக்குச் சற்று முன்பு அணை உடைந்தது. இறந்தவர்கள் 11 பேர். கீழே பல ஊர்களை வெள்ளம் வாரிக்கொண்டு போயும் எண்ணிக்கை அந்த அளவோடு நின்றதற்குக் காரணம், முற்பகலிலேயே ஆட்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான். இதே உடைப்பு நள்ளிரவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆகவே, கசிவுக்கு அடியில் ஒரு வாளியை வைத்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துக் குட்டையின் நீர்மட்டத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து ஓரிரவு வைத்து, அடியில் மண் படிகிறதா என்றும் பாருங்கள். மட்டம் உயராமலேயே கசிவு மட்டும் கூடினால் அது அவசரம். தயவுசெய்து யாரும் அந்த ஊற்றைச் சிமெண்டு போட்டு அடைக்க வேண்டாம். அடைத்த நீர் கரைக்குள் வேறொரு வழி தேடும்.

இனி வலைக்கு வருகிறேன். கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டிய அணை, மேலே நீர் வழிந்தால் சிறிது நேரமாவது தாங்கும். மண்கரை தாங்காது. முகட்டின் மேல் வழியும் தண்ணீர் பின்சரிவை அறுத்துக்கொண்டே வரும்; ஓரிடத்தில் சிறு பள்ளம் விழுந்துவிட்டால் எல்லா நீரும் அங்கேயே பாயும்; அதன்பின் உடைப்பை யாராலும் நிறுத்த முடியாது. கலிங்கு என்பதே, நீர் முகட்டைத் தொடும் முன் அதை வெளியேற்றுவதற்காக வைத்தது. பெருமழையில் ஆகாயத்தாமரையும் செம்பனை மட்டைகளும் மிதந்து வந்து அந்த வலையில் படிந்தால், உங்கள் குட்டைக்குக் கலிங்கு இல்லை என்றே கொள்ள வேண்டும். அப்போது நீர் எங்கே வழியும்? லோரிக்காகத் தாழ்த்திய நடுப்பகுதியில்தான். கரை மிக உயரமாக நிற்கும் இடமும், கீழே பள்ளியும் வீடுகளும் இருக்கும் இடமும் அதுவாகத்தானே இருக்கும்?

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன்தான் நினைவுக்கு வந்தது. இரும்பாலை ஊர். அதற்கு மேலே, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, படகுக் கால்வாய் ஒன்றுக்காக 1853-இல் கட்டி முடிக்கப்பட்டது. கால்வாய்க்கு அது தேவைப்படாமல் போனபின் கைமாறியது. ஒரு கட்டத்தில், அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. பிறகு செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று வாங்கியது. அவர்கள் குதிரை வண்டி போவதற்காக அணையின் முகட்டைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழேயிருந்த இரும்பு நிறுவனத்தின் பொறியாளர் நேரில் பார்த்துக் குழாய் இல்லாததையும் கசிவையும் எழுதிக் கொடுத்தபோது, உங்களுக்கு ஆபத்தில்லை என்று சங்கத்திலிருந்து பதில் போனது. 1889 மே 31 அன்று, பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்து, நீர் முகட்டைத் தாண்டி, பிற்பகலில் அணை உடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள். அன்று அணையிலிருந்து தந்தியில் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. அதற்கு முன் பலமுறை இப்படிச் சொல்லி ஒன்றும் நடக்காததால் ஊரார் பொருட்படுத்தவில்லை.

உங்கள் பெரியவர்கள் சொல்லும் அறுபது வருடக் கணக்கு, கரை இதுவரை கண்ட மழைக்கு மட்டுமே சாட்சி. குஜராத்தில் மோர்பி என்ற, கூரை ஓடு செய்யும் ஊருக்கு மேலே இருந்த மச்சு அணையின் கலிங்கு, வினாடிக்கு ஏறத்தாழ 5,600 கனமீட்டர் நீரை வெளியேற்றும்படி அமைக்கப்பட்டது. 1979 ஆகஸ்டு 11 அன்று வந்த வெள்ளம் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுவிலிருந்த கல் கட்டுமானம் நின்றது. இரு பக்கத்து மண்கரைகளும் போயின. ஊருக்குச் செய்தி சொல்லத் தொடர்பு வழிகள் வேலை செய்யவில்லை. இறந்தவர் எண்ணிக்கை இன்றுவரை ஆயிரக்கணக்கில் வேறுபட்டே சொல்லப்படுகிறது.

ஆலமரத்தைப் பற்றியும் ஒரு சொல். கரையில் பெரிய மரம் இருப்பது நல்லதன்று. ஆயினும் கோயில் பெரியவர்கள் சொல்வதை இப்போதைக்குக் கேளுங்கள். மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், வேர்கள் சில ஆண்டுகளில் மக்கி, கரைக்குள் நீர் போகும் பொந்துகளாகிவிடும். பொறியாளர் வந்து பார்த்து, வேரைத் தோண்டி மண்ணை இறுக்கி நிரப்பும் ஏற்பாட்டோடுதான் அதைத் தொட வேண்டும்.

வலையை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். மீன்காரர் நட்டப்படுவார் என்றால் ஊர் சேர்ந்து அந்த நட்டத்தை ஏற்கலாம். குட்டையை வற்ற வைத்துவிடலாம் என்று யாராவது அவசரப்பட்டால் தடுத்துவிடுங்கள்; நீர்மட்டத்தை ஒரேயடியாக இறக்கினால், நீர் ஊறிய உட்சரிவு பிடிமானமில்லாமல் சரியும். நாளுக்குச் சிறிது சிறிதாகவே இறக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் படங்களோடு எழுதுங்கள்.


மறுமொழி 2: வரலாற்று ஆசிரியர், கோலகுபு பாரு

ஐயா அவர்கள் எழுதியதற்கு மேல் தொழில்நுட்பமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் உலு சிலாங்கூர்க்காரர் என்பதால், அமெரிக்காவுக்குப் போகும் முன் நம் வாசலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

1883 அக்டோபர் 29 அன்று, பழைய கோலகுபுவுக்கு மேலே இருந்த மண் அணை பெருமழையில் உடைந்து ஊரை அழித்தது. உலு சிலாங்கூரின் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த செசில் ராங்கிங்கும் அந்த வெள்ளத்தில் மாண்டார். ஊருக்குப் பக்கத்தில் இன்றும் அம்பாங் பெச்சா என்ற இடம் இருக்கிறதே, அதன் பொருளே உடைந்த அணை என்பதுதான். நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து போகும் பெயர் அது. என் மாணவர்களில் பலருக்கு நான் சொல்லும்வரை அதன் பொருள் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் வெள்ளை முதலைக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றைக் காத்துவந்த வெள்ளை முதலையை, ஊரார் தடுத்தும் கேளாமல் ராங்கிங் சுட்டார்; அதனால் அணை உடைந்தது என்பது அந்தக் கதை. நான் அதை வகுப்பில் சொல்வதுண்டு. ஊரின் வருத்தத்தைச் சுமந்து வந்த கதையை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. கதையைச் சொன்னபின் ஒரு கேள்வியும் கேட்பேன்: முதலை சுடப்படாமல் இருந்திருந்தால், அந்த மழை அந்த மண்கரையை விட்டுவைத்திருக்குமா? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதற்கு நல்ல பதில்களைத் தருகிறார்கள்.

1883-க்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இது உங்கள் குட்டையோடு தொடர்புடையது. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றில் படிந்து ஆற்றின் மட்டமே உயர்ந்தது. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வந்து, பழைய ஊர் சிறிது சிறிதாக மண்ணில் புதைந்தது. கடைசியில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்கம் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றியது. பாரு என்றால் புதியது. நாங்கள் வாழ்வது அந்தப் புதிய ஊர். கேமரன் மலையில் 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்திலும், மலைச்சரிவுகளில் காடழித்து மண் கிளறியதால் வண்டல் நிறைந்து கொள்ளளவு குறைந்துபோனது. 2013 அக்டோபர் 23 அன்று அதிகாலையில், கனமழையின்போது அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது. அங்கே அணை உடையவே இல்லை.

உங்கள் குட்டைக்கு மேலே மறுநடவுக்காகச் செம்பனையைச் சாய்த்திருக்கிறார்களா, வீடமைப்புக்காக மண் வெட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒரு நீண்ட மூங்கிலை விட்டுக் குட்டையின் ஆழத்தை அளந்து, பழைய ஆட்கள் சொல்லும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். பாதி மண் நிறைந்த குட்டை, முன்பு ஒரு நாளில் நிறைந்ததென்றால் இப்போது அரை நாளில் நிறையும். தோட்டத்து முதியவர்களிடம் கரை எந்த ஆண்டில் போடப்பட்டது, எப்போதாவது நீர் மேலே வழிந்ததா, எங்கே மண் கொட்டி அடைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிர்வாகம் பலமுறை கைமாறிய தோட்டங்களில், அந்த விவரம் எந்தக் கோப்பிலும் இருக்காது. ஓய்வுபெற்ற ஒரு மண்டோரின் (கங்காணியின்) நினைவில் மட்டுமே இருக்கும்.


மறுமொழி 3: சுங்கை பூலோவிலிருந்து ஒரு தாய்

தம்பி, 1991 மே 7 அன்று பிற்பகல் நான் பள்ளியிலிருந்து வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்தது. வீட்டுக் கண்ணாடி முழுதும் உதிர்ந்ததும், தெருவில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இன்றும் கண்முன் நிற்கின்றன. அந்த விபத்தில் 26 பேர் இறந்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1994-இல், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இந்நாட்டில் வந்தது. சட்டம் வந்ததில் எனக்கு நிறைவுதான். ஆனால் வேலைக்குப் போன மகள் வீடு திரும்பாத தாய்மாரை நான் அறிவேன்.

இதை எழுதக் காரணம், ஐயா சொன்ன ஒன்றைப் பற்றி எனக்கு அச்சம் இருப்பதுதான். அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத வேண்டும்; ஆனால் எழுதிவிட்டோம் என்று ஊர் ஓய்ந்துவிடக் கூடாது. உங்கள் பள்ளியைப் பற்றிப் படித்ததும் வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்ற நிலக்கரி ஊர் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அங்கே சுரங்கக் கழிவை மலைமேல் குன்றுகளாகக் கொட்டிவந்தார்கள். ஏழாம் குன்றை 1958-இல் ஒரு நீரூற்றின் மேலேயே கொட்டத் தொடங்கினார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கழிவால் ஆபத்து என்று, 1963-இலேயே உள்ளூர் மன்றத்துப் பொறியாளர் கடிதம் எழுதினார். 1965-இல், மலையிலிருந்து வரும் வெள்ளத்தைப் பற்றித் தாய்மார் இருவர் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்தார்கள். நிலக்கரி வாரியத்தோடு கடிதங்கள் போய் வந்தன. குன்று அங்கேயே வளர்ந்தது. 1966 அக்டோபர் 21 அன்று காலை ஒன்பதேகால் மணிக்கு, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த சற்று நேரத்தில், அது சரிந்து பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் பிள்ளைகள். அந்தத் தலைமையாசிரியரும் அவர்களோடு மாண்டார். மிச்சமிருந்த குன்றுகளை அகற்றுவதற்கு, உலகமெங்கும் இருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க 1997 ஆகிவிட்டது. இதைப் படித்த நாளில் நான் அழுதேன்.

ஆகையால், கடிதத்தின் மறுமொழிக்காகக் காத்திருக்கும் நாள்களிலும் செய்யக்கூடியவற்றைச் செய்யுங்கள். கனமழை எச்சரிக்கை வரும் நாளில் பள்ளியை யார் மூடுவது என்று தலைமையாசிரியரோடும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடும் இப்போதே பேசி முடிவெடுங்கள். லயத்தில் நடக்க முடியாத முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் அவர்களைத் தூக்கிக்கொண்டு போவது என்று பெயரோடு எழுதிவையுங்கள். இரவில் கோயில் மணியை விடாமல் அடித்தால் எல்லோரும் மேட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, பகலில் ஒருமுறை நடந்தும் பாருங்கள். ஓடையின் போக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில் ஏற வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1996 ஆகஸ்டு 29 அன்று, கம்பாருக்குப் பக்கத்தில் போஸ் டிப்பாங் என்ற பூர்வகுடி கிராமத்தில், மலையிலிருந்து மண்ணும் மரங்களுமாக வந்த வெள்ளம் 44 பேரைக் கொண்டுபோனது. அப்படி வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.


மீண்டும் உலு சிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளை

ஐயாவுக்கும் ஆசிரியருக்கும் அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்சிட்டுக் கோயில் கூட்டத்தில் வாசித்தோம். மீன்காரர் முதலில் வருந்தினார்; ஜான்ஸ்டவுன் பகுதியைக் கேட்டபின், மறுநாள் காலையில் அவரே வந்து வலையை அவிழ்த்தார். அதன் பின்னால் இரண்டு தள்ளுவண்டி அளவு மட்டையும் பாசியும் இருந்தன. மரத்தைப் பற்றிய மனத்தாங்கலும் தீர்ந்தது. பூசாரியே இப்போது கரையோரத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் சாயக் கோடுகள் போட்டு, நாள்தோறும் காலைப் பூசைக்குப்பின் நீர்மட்டத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். வாளி நிறைய 41 வினாடி ஆகிறது. ஐந்து நாளாக மாற்றமில்லை, நீரும் தெளிவாகவே இருக்கிறது.

மூங்கிலை விட்டுப் பார்த்ததில், நடுவில் என் மார்பளவுக்குமேல் ஆழமில்லை. என் தாத்தா காலத்தில் அங்கே யானை மூழ்கும் என்பார்கள். படங்களோடு மூன்று இடங்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த வாரம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒரே ஐயம். அவர்கள் வருவதற்குள் பெருமழை வந்துவிட்டால், லோரிக்காகத் தாழ்த்திய இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கலாமா?


மறுமொழி: ஓய்வுபெற்ற நீர்ப்பாசனத் தொழில்நுட்பர், பேராக்

அடுக்கலாம் தம்பி. ஆனால் பழைய முகட்டின் மட்டம் எதுவோ அதுவரை மட்டும் அடுக்குங்கள். அதற்கு மேல் ஒரு மூட்டைகூட வேண்டாம். மேலே உயர்த்தினால் கரை தாங்க வேண்டிய நீரின் பாரமும் கூடும். முதலில் புல்லைச் செதுக்கி, கெட்டியான தார்ப்பாலினைக் குட்டைப் பக்கச் சரிவில் தொங்கும்படி விரித்து, அதன்மேல் செங்கல் கட்டுவதுபோல் மூட்டைகளை இணைப்பு மாற்றி வையுங்கள். மூட்டையை வாய்வரை நிரப்பினால் இடையில் சந்து விழும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி மிதித்து அமுக்குங்கள். லோரிகளை வேறு வழியில் அனுப்பச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மூட்டை அடுக்குவதற்கு முன் கலிங்கின் வாய் முதல் ஓடையில் சேரும் இடம்வரை நடந்து பார்த்து, புதரும் மண்ணும் அடைத்திருந்தால் அதை முதலில் வெட்டிவிடுங்கள். பெருமழை பெய்துகொண்டிருக்கும்போது கரையின் மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். பூசாரி ஐயாவும் மட்டத்தை மேட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.